காட்டுக் காய்ச்சல் மாத்திரை

இப்போதெல்லாம் ஆட்கள் மாத்திரையைக் கடலை கொறிக்கிற மாதிரிக் கொறிக்கிறார்கள். பஸ்ஸில் உட்கார்ந்த உடனே பையைப் பிரித்து மடியில் கொட்டிக்கொள்கிறார்கள். இது பிரஷருக்கு, இது சீனிக்கு, இது எதற்கென்று தெரியாது, கோட்டுப் போட்டவர் கொடுத்தார், போட்டுக்கொள்ள வேண்டியதுதான். பக்கத்து சீட்டில் இருக்கிறவன் யார், அவன் இறங்கிப் போய் யாரிடம் என்ன சொல்லுவான், அந்த யோசனையே கிடையாது. சண்டை முடிந்துவிட்டதாம், இனிப் பயமே இல்லையாம். ரேடியோ சொன்னது, நம்பிவிட்டார்கள். என்னால் அவ்வளவு சுலபமாக நம்ப முடியவில்லை.

மாத்திரை என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். ராக்காயி கையால் தெரிந்தது.

ராக்காயி என் பெண்சாதி. மஸ்கெலியாவுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மேல் டிவிஷனில் கொழுந்து எடுக்கிறவள். நான் செடியைக் கவ்வாத்து வெட்டி வெட்டி முதுகு போனவன். தோட்டத்து வேலைப் பதிவில் என் பேரை எப்போதோ வெட்டிவிட்டார்கள். லயத்து வரிசையில் எங்கள் ஒற்றையறைக் காம்பரா அவள் பேரில்தான் நின்றது. அவள் காலையில் பேர் கொடுக்கிற பெரட்டுக்குப் போகும்வரைக்கும் காம்பரா எங்களுக்கு, நின்றுவிட்டால் தோட்டத்தை நடத்துகிற தொரை என்ன சொல்லுவாரோ அதுதான். கணக்கப்பிள்ளை சின்னராசா இதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்லுவார்.

"மாமா, உங்க கூரை அத்தை கையிலதான் நிக்கிது. பாத்துக்கங்க."

அந்தக் கைதான் கெட்டது.

முதலில் விடியக்காலையில் மட்டும். படுக்கையிலிருந்து எழுந்தால் விரல்கள் பாதி மடங்கினபடியே நிற்கும், நீட்டவும் வராது, முழுக்க மடக்கவும் வராது. கணுக்கள் இஞ்சிக் கிழங்கு மாதிரி வீங்கிச் சூடாக இருக்கும். பிளேன்டீக் கோப்பையை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துக் குழந்தை மாதிரித் தூக்கிக் குடிப்பாள். கொண்டை போட முடியாது, அடுத்த காம்பரா அழகம்மாதான் வந்து முடிந்துவிடுவாள். வெயில் ஏற ஏறக் கொஞ்சம் இளகும். பகலுக்குமேல் பார்த்தால் ஒன்றும் இல்லாத மாதிரி இருக்கும். அதனால் யாரும் நம்பவில்லை. காலைப் பெரட்டுக்குத்தான் இவளுக்கு நோவு வரும், சம்பளத்தன்று வராது என்று பெண்டுகள் அவள் காதுபடவே பேசினார்கள்.

தோட்டத்து மருந்துக்காரர் பனடோல் கொடுத்தார். நொச்சி இலையை வதக்கிக் கட்டினோம். கொட்டகலையில் ஒருவர் தைலம் காய்ச்சுகிறார் என்று சொன்னார்கள், அதையும் வாங்கிப் பூசினோம். வீக்கம் விரலிலிருந்து மணிக்கட்டுக்கு ஏறியது. ஒருநாள் கொழுந்து எடுத்துக்கொண்டு நின்றவள், மலையிலேயே உட்கார்ந்துவிட்டாள். காம்பு ஒடியவில்லை, என் விரல்தான் ஒடிகிறது என்றாளாம். அதற்குப் பிறகுதான் டவுனில் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

அங்கே இருந்தவர் கஜதீபன் என்று ஒரு டாக்டர். யாழ்ப்பாணத்துப் பிள்ளை. வயது கம்மி, மீசைகூடச் சரியாக இல்லை. யாழ்ப்பாணத்து ஆட்கள் எங்கள் பக்கம் வாத்தியாராகவும் டாக்டராகவும் வருவார்கள், எங்கள் வீட்டில் தண்ணீர் குடிக்க யோசிப்பார்கள். ஆகவே நான் அதிகம் வாய் திறக்கவில்லை. ஆனால் அந்தப் பிள்ளை ராக்காயியின் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கணுவாக அமுக்கிப் பார்த்தார். அருவருப்புப் படவில்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும்.

ரத்தம் எடுத்தார்கள். படம் எடுத்தார்கள். அடுத்த கிளினிக்கில் அவர் எங்களை உட்காரவைத்து விளக்கம் சொன்னார்.

"ஐயா, இது வாத நோய். ஆனால் வயசு போய் எலும்பு தேயிற வாதம் இல்லை. எங்கட உடம்பிலை பிறக்கேக்கையே வந்த காவல் ஒண்டு இருக்கு. ஒருத்தரும் படிப்பிக்கத் தேவையில்லை. கிருமி வந்தால் உடனை கண்டுபிடிச்சு மணி அடிக்கிறதுதான் அதின்ர வேலை. மணிச் சத்தத்துக்கு உடம்பிலை இருக்கிற படை எல்லாம் அந்த இடத்துக்கு ஓடி வரும்."

நான் தலையாட்டினேன். விளங்கினது என்று அர்த்தமில்லை.

"அம்மாவின்ர மூட்டிலை இப்ப கிருமி ஒண்டும் இல்லை. மூட்டுக்குள்ளை உடைஞ்சு விழுற அவவின்ர சொந்தத் தசைத் துண்டைக் கண்டுபோட்டுக் காவல் மணி அடிக்குது. படை வந்து அடிக்குது. அந்த அடியிலை இன்னும் கொஞ்சம் உடையுது. உடைஞ்சதைக் கண்டு திரும்பவும் மணி. வெளியிலை இருந்து ஒருத்தரும் வராமலே சண்டை நடந்துகொண்டிருக்குது."

"எப்ப நிக்குங்க?" என்று ராக்காயி கேட்டாள்.

"தானாய் நிக்காது அம்மா. நாங்கள்தான் மணியை அமத்தவேணும்."

அவர் சொன்னது எனக்குச் சரியாகப் படவில்லை. பிறக்கும்போதே கூட வந்த காவல், வீட்டு ஆளையும் வெளி ஆளையும் அடையாளம் தெரியாமலா இருக்கும்? அப்படியானால் அவள் இத்தனை வருஷம் எப்படி நடமாடினாள்? கேட்டிருப்பேன். அதற்குள் மருந்து ஜன்னலில் கூப்பிட்டார்கள். கடதாசிப் பையில் மாத்திரை போட்டுக் கொடுத்தார்கள். வெளியே வந்து ஒன்றை எடுத்துப் பார்த்தேன். நாக்கில் வைத்தேன். 

அந்தக் கசப்பு எனக்குத் தெரியும்.

எழுபத்தேழில் கலவரம் வந்து லயத்தை எரித்தபோது, நானும் என் தம்பி அழகனும் லொறியேறிக் கிளிநொச்சிப் பக்கம் போனோம். காட்டை வெட்டிக் குடிசை போட்டோம். மலையில் குளிரில் வளர்ந்த உடம்பு, அங்கே கொசு எங்களைத் தின்றது. காட்டுக் காய்ச்சல், மலேரியா. நடுக்கம் வந்தால் நாலு சாக்கைப் போட்டு மேலே ஆள் உட்கார்ந்தாலும் நிற்காது. அழகன் அங்கேயே போய்விட்டான். எனக்கு இந்த மாத்திரையைக் கொடுத்துத்தான் பிழைக்கவைத்தார்கள். அங்கே சண்டை முற்றினதும் திரும்ப மலைக்கு வந்தேன், ராக்காயியைக் கட்டினேன். ஆனால் என் அடையாள அட்டை அங்கே எடுத்தது. அதில் கிளிநொச்சி விலாசம்தான் இருக்கிறது. மாற்றித்தா என்று எத்தனையோ பேரிடம் நடந்தேன். ஒருவனும் மாற்றித்தரவில்லை.

திரும்ப உள்ளே போய் டாக்டரிடம் கேட்டேன்.

"இது காட்டுக் காய்ச்சலுக்குக் குடுக்கிறது இல்லீங்களா?"

"ஓம், அதுக்கும் குடுக்கிறது. உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

 பதிலுக்குக் காத்திராமல் அவர் பாட்டுக்கு விளக்கினார். அந்த மணிகளில் சிலது உயிரணுவுக்குள்ளே சின்னப் பை ஒன்றில் இருக்கிறதாம். அந்தப் பைக்குள் புளிப்பு இருந்தால்தான் மணி அடிக்குமாம். இந்த மாத்திரை உள்ளே போய்ப் புளிப்பைக் குறைத்துவிடுமாம். பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும், பொறுமையாகப் போட வேண்டும், வருஷத்துக்கு ஒருதரம் கண்ணைக் காட்ட வேண்டும் என்றார்.

"ரசம் வைக்கிற கதையால்ல இருக்கு," என்றேன். ராக்காயி சிரித்துவிட்டாள். டாக்டரும் சிரித்தார். நான் சிரிப்புக்குச் சொல்லவில்லை.

அன்றைக்குத் திரும்பி வரும்போது பாலத்தடியில் பஸ்ஸை நிறுத்தினார்கள். செக்பொயின்ட். எல்லோரையும் இறக்கி, அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையாக நடக்கவிட்டார்கள். என் பையைப் பார்த்த ஆமிக்காரன் சின்னப் பையன், கடதாசிப் பையைப் பிரித்து எழுத்தைப் படித்தான். படித்துவிட்டுப் பெரியவனைக் கூப்பிட்டான். அந்தப் பெரியவன் மாத்திரையைக் கையில் கொட்டி உருட்டினான். அவனுக்குப் படிக்கத் தேவையிருக்கவில்லை. தானும் வன்னிக் காட்டில் இருந்தபோது இதைத்தான் தின்றதாகச் சிங்களத்தில் சொன்னான். இந்தக் குளிரில் எவனுக்கு மலேரியா வருகிறது, காட்டில் ஒளிந்து சண்டை போடுகிற எவனுக்குக் கொண்டுபோகிறாய் என்று கேட்டான். பிறகு என் அட்டையைப் பார்த்தான். விலாசத்தைப் பார்த்தான்.

பஸ்ஸில் இருந்த ஆட்கள் எங்களைப் பார்க்காமல் வேறு பக்கம் பார்த்தார்கள். எல்லோரும் நம்ம சனம்தான். நானும் அந்த இடத்தில் இருந்திருந்தால் அப்படித்தான் பார்த்திருப்பேன்.

ராக்காயிக்குச் சிங்களம் கொஞ்சம்தான் வரும். முந்தானையிலிருந்து கிளினிக் அட்டையை உருவிக் கொடுத்துவிட்டுத் தன் கை இரண்டையும் நீட்டினாள். அவன் வாசித்தான். கையைப் பார்த்தான். மாத்திரையைத் திரும்பப் பையில் போட்டுக் கொடுத்தான். கொடுக்கும்போது, இன்றைக்குப் போ என்றான். இன்றைக்கு என்ற அந்தச் சொல்லை வீடு வரைக்கும் நினைத்துக்கொண்டே வந்தேன். 

மாத்திரை வேலை செய்யவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். செய்தது. பங்குனி வெயிலில் வீக்கம் வற்றத் தொடங்கியது. ஒருநாள் விடியக்காலையில் பார்த்தேன், ராக்காயி கண்ணாடி முன்னால் நின்று தானே கொண்டை போட்டுக்கொண்டிருந்தாள். போட்டு, பிரித்து, திரும்பப் போட்டாள். நான் பார்த்தது அவளுக்குத் தெரியாது. மலையில் அவள் கூடை நிறையத் தொடங்கியது. சின்னராசா கணக்கப்பிள்ளை, அத்தைக்கு இளவயசு திரும்புது, மாமா பாடு இனித் திண்டாட்டம்தான் என்று பெரட்டிலேயே சொல்லிவிட்டார். அவள் வெட்கப்பட்டுக்கொண்டு வந்து என்னிடம் சொன்னாள்.

எனக்குத்தான் தூக்கம் போனது. அவள் பெரட்டுக்குப் போகாவிட்டால் ஒருநாள் பேரும் சம்பளமும் போகும், அதனால் மாதாமாதம் மாத்திரை எடுக்க நான்தான் போனேன். ஒவ்வொரு தடவையும் அந்தப் பாலம். ஒவ்வொரு தடவையும் பையை எங்கே வைப்பது? சட்டைக்குள் வைத்தால் ஒளித்தாய் என்பார்கள். கையில் வைத்தால் என்ன அது என்பார்கள். ஒருதரம் கொழுந்துச் சாக்குக்குள் சுருட்டி வைத்தேன், ஒருதரம் மிக்சர் பொட்டலத்துக்குள் கொட்டிவைத்தேன். வீட்டில் வைத்தாலும் நிம்மதி இல்லை. காட்டில் சண்டை பெரிதாகிக்கொண்டிருந்தது. கொழும்பில் குண்டு வெடித்தால் இங்கே லயத்தைச் சுற்றுவார்கள். பக்கத்துத் தோட்டத்தில் ஒருவன் டோர்ச் பெட்டரி அளவுக்கு மேலே வைத்திருந்தான், குண்டுக்குத்தான் என்று கொண்டுபோனார்கள். அவன் கோயில் திருவிழாவுக்கு வாங்கினது. யார் கேட்டார்கள்? கிளிநொச்சி விலாசம், மலேரியா இல்லாத ஊரில் மலேரியா மாத்திரை, இரண்டும் ஒரே காம்பராவில் இருந்தால் எந்தப் பிள்ளையும் கூட்டிப்பார்த்துவிடும்.

ஆவணி மாதம் மாத்திரை எடுத்துக்கொண்டு வரும்போது, பாலத்துக்கு முந்தின வளைவில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். கீழே ஓடை வெள்ளமாகப் போய்க்கொண்டிருந்தது. பையோடு வீசிவிட்டேன். மிச்சத் தூரத்தை நடந்தே வந்தேன். பாலத்தில் என்னைத் தடவிப் பார்த்தவனுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் மூச்சு வந்தது.

ராக்காயியிடம், டாக்டர் போதும் என்று சொல்லிவிட்டார், சுகமாகிவிட்டதாம் என்றேன். அவள் ஒரு வார்த்தை சந்தேகப்படவில்லை. சாமி படத்துக்கு முன்னால் கற்பூரம் கொளுத்தினாள்.

வேறு என்ன செய்யச் சொல்கிறீர்கள்? கை வீங்கினால் ஆள் உயிரோடு இருப்பாள். என்னைக் கொண்டுபோனால் அவளையும்தான் கொண்டுபோவார்கள். வீங்கின கையோடு ஆள் இருப்பதா, நல்ல கையோடு ஆளே இல்லாமல் போவதா?

உடனே ஒன்றும் ஆகவில்லை. அதனால் நான் செய்தது சரி என்றுதான் நினைத்தேன். பிறகு ஐப்பசி மழையோடு மெல்ல வந்தது. முதலில் கட்டைவிரல் அடி. பிறகு நடுவிரலும் மோதிரவிரலும். இந்தத் தடவை பகலிலும் இளகவில்லை. உள்ளே யாரோ கயிற்றைப் பிடித்து இழுக்கிற மாதிரி விரல்கள் உள்ளங்கைப் பக்கம் மடங்கிக்கொண்டு வந்தன. கூடை பாதியோடு திரும்பி வந்தது. சின்னராசா கேலி பண்ணுவதை நிறுத்திவிட்டார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"ஏங்க, அந்தப் பிள்ளைகிட்ட திரும்பப் போயி ஒருக்கா கேட்டுட்டு வாங்களேன். மாத்திர போட்டப்ப நல்லாத்தானே இருந்துச்சு."

போகிறேன் போகிறேன் என்றேன். மழை விடட்டும் என்றேன். ரோட்டில் மண் சரிந்திருக்கிறது என்றேன். இரண்டும் பொய் இல்லை.

மழை விட்ட ஒரு காலையில் ஆமி வந்தது. பெரட்டுக்குக் கொம்பு ஊதுவதற்கு முன்பே நாய்கள் குரைத்தன. கதவைத் திறந்தால் பனிக்குள்ளே தொப்பிகள் தெரிந்தன. லயத்தின் இரண்டு முனையிலும் நின்றார்கள். எல்லோரும் வெளியே வாருங்கள், ஆம்பிளைகள் ஒருபக்கம், பொம்பிளைகள் ஒருபக்கம். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போர்வையோடு வந்து நின்றோம். குழாயடியில் பொம்பிளைகள், கழிவுத்தண்ணீர்க் கானுக்கு இந்தப் பக்கம் நாங்கள்.

காம்பராக்களுக்குள் ஒவ்வொன்றாகப் போனார்கள். எங்கள் காம்பராவுக்குள் பெட்டி கவிழ்கிற சத்தம் கேட்டது. அரிசித் தகரம் உருண்டது. நான் பயப்படவில்லை. உள்ளே ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். அந்த ஒரு நிமிஷம் அந்த வெள்ளத்துக்குக் கும்பிடு போட்டேன்.

அப்போது குழாயடியிலிருந்து ஒரு அதட்டல்.

கையை விரித்துக் காட்டு என்று ஒரு ஆமிக்காரன் வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறான். எல்லாப் பொம்பிளைகளும் உள்ளங்கையைக் காட்டினார்கள். ராக்காயி காட்டவில்லை. விடிந்து கொஞ்ச நேரம்தான். ராத்திரி முழுக்கக் குளிரில் கிடந்த கை. இரண்டு கையும் கோழிமுட்டையைப் பொத்திப் பிடித்த மாதிரி மூடிக்கொண்டிருந்தன. பயத்தில் நெஞ்சோடு வேறு அணைத்து வைத்துக்கொண்டாள். பார்க்கிறவனுக்கு எப்படி இருக்கும்?

"அத அரின்ன," என்றான் அவன். கையைத் திற.

"அமாருய் மாத்தயா," என்றாள் அவள். நோவு என்று அவளுக்குத் தெரிந்த ஒரு சொல்.

அவன் இரண்டு எட்டுப் பின்னால் போனான். துப்பாக்கியை நிமிர்த்திப் பிடித்தான். அவளைச் சுற்றி நின்ற பெண்டுகள் விலகினார்கள். அழகம்மாகூட விலகினாள். ராக்காயி மட்டும் தனியாக நின்றாள். கைக்குள் என்ன வைத்திருக்கிறாள் என்று நினைத்தானோ, அவன் முகத்தைப் பார்த்தேன். அவனும் பயந்துதான் போயிருந்தான். பயந்தவன் கையில் இருக்கிற துப்பாக்கியைவிட மோசமானது ஒன்றும் இல்லை.

பெரியவன் ஓடி வந்தான். இது பாலத்தில் நின்றவன் இல்லை, வேறு ஆள். அவளுடைய மணிக்கட்டைப் பிடித்து ஒரு விரலை இழுத்து நிமிர்த்தப் பார்த்தான். அவள் கத்தவில்லை. மூச்சு உள்ளே இழுக்கிற சத்தம் மட்டும் கான் தாண்டி எனக்குக் கேட்டது.

நான் வாயைத் திறந்தேன். வருத்தம் ஐயா, ஆஸ்பத்திரிக்குப் போகிற ஆள் என்று சிங்களத்தில் சொன்னேன். அவன் என் பக்கம் திரும்பினான். வருத்தம் என்றால் மருந்து எங்கே, காட்டு என்றான்.

மருந்து எங்கே? அதற்கு நான் என்ன சொல்ல? ஓடையில் என்றா? கிளினிக் அட்டையைக் காட்டலாம். அதில் அந்த மாத்திரையின் பேர் இருக்கிறது. அது என்ன மாத்திரை என்று கேட்பான், மிச்சம் எங்கே, யாருக்குக் கொடுத்தாய் என்று கேட்பான். 

"தைலந்தான் பூசுறோம்," என்றேன். அவன் என் அட்டையை வாங்கினான். வாசித்தான். ஜீப்பைக் காட்டினான்.

என்னை இரண்டு பேர் நடத்திக்கொண்டு போய் ஜீப்பில் ஏற்றினார்கள். அங்கேயிருந்து திரும்பிப் பார்த்தேன். அழகம்மாதான் அசைந்தாள். தேத்தண்ணீருக்கு வைத்திருந்த வெந்நீரைச் சட்டியோடு கொண்டுவந்து ராக்காயியின் காலடியில் வைத்தாள். ஒருவரிடமும் கேட்கவில்லை. அவளுடைய இரண்டு கையையும் பிடித்து உள்ளே முக்கினாள். எல்லோரும் அந்தச் சட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். துப்பாக்கியும் அதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஆவியெல்லாம் அடங்கின பிறகு கையை வெளியே எடுத்தாள். விரல்கள் ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்தன. இரண்டு விரல் மட்டும் விடவில்லை. உள்ளே ஒன்றும் இல்லை. கொழுந்துக் கறை படிந்த உள்ளங்கை, அவ்வளவுதான்.

ஆமிக்காரன் துப்பாக்கியைத் தாழ்த்தினான். என்னை மட்டும் இறக்கவில்லை. அந்த விலாசத்துக்காகப் பொழுது சாயும்வரை ஸ்டேஷனில் வைத்திருந்தார்கள். எப்போது கிளிநொச்சிக்குப் போனாய், யாரைத் தெரியும், எப்போது வந்தாய். ஒரே கேள்வியை மூன்று பேர் மாறி மாறிக் கேட்டார்கள். அடிக்கவில்லை. பக்கத்து அறையில் அடித்தார்கள். சின்னராசா கணக்கப்பிள்ளை யாரையோ பிடித்து வந்து பேசின பிறகு விட்டார்கள்.  வரும் வழியில் லயத்துக்கு ஏறுகிற படிக்கட்டில் அவர் நின்று, அத்தையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போங்க மாமா, நாளைக்கே போங்க என்றார்.

இந்தத் தடவை அவளும் வந்தாள். ஒருநாள் பேர் போனாலும் போகட்டும் என்று வந்தாள். கஜதீபன் டாக்டருக்குக் கையைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. புதிதாகப் படம் எடுத்துவரச் சொல்லிச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். கணுவில் எலும்பு எலி கடித்த மாதிரிக் குழிந்திருந்தது. எனக்கே தெரிந்தது.

"குளிசை ஒழுங்காய்ப் போட்டனீங்களோ அம்மா?"

"நீங்கதானே தம்பி போதும்னீங்க."

"நானோ? நான் அப்பிடிச் சொல்லேல்லையே."

ராக்காயி என் பக்கம் திரும்பினாள். நான் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் வேறு யாரையும் கேட்கத் தேவையிருக்கவில்லை.

"எத்தன மாசமா என் கையப் பாத்துக்கிட்டே இருந்தீங்க," என்றாள். சத்தம் போடவில்லை. "வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லலையே நீங்க."

பிறகு நான் சொன்னேன். பாலம், வன்னியில் மாத்திரை தின்றவன், விலாசம், டோர்ச் பெட்டரி, எல்லாம் சொன்னேன். டாக்டர் எழுதுகிறதை நிறுத்திவிட்டார். கதவைப் பார்த்தார். எழுந்து போய்ச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். தானும் ஒவ்வொரு வாரமும் அந்தப் பாலத்தால்தான் போவதாகச் சொன்னார், தன் அட்டையிலும் யாழ்ப்பாணம் என்றுதான் இருக்கிறது என்றார். மெதுவாகத்தான் சொன்னார்.

"ஆனால் ஐயா, அந்த இரண்டு விரலும் இனி நிமிராது. நீங்கள் குளிசையை நிப்பாட்டின உடனை அந்தச் சண்டை திரும்பத் தொடங்கியிருக்கு. எலும்பு போனது போனதுதான். மற்ற விரலுகளைக் காப்பாத்தலாம். இனி ஒரு நாளும் விடக்கூடாது."

"கொழுந்து எடுப்பனாங்க?" என்று ராக்காயி கேட்டாள்.

"அது கஷ்டம் அம்மா. வேறை லேசான வேலைக்கு மாத்தச் சொல்லி நான் எழுதித் தாறன்."

எழுதித் தருகிறாராம். தொரை அதை வாசித்துவிட்டு என்ன செய்வார் என்று இவருக்கு என்ன தெரியும்? புல்லு வெட்டப் போடுவாரோ, பேரை வெட்டுவாரோ. அவள் அழவில்லை. மடங்கின இரண்டு விரலையும் மற்றக் கையால் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்கு அங்கே இருக்கப் பிடிக்கவில்லை.

"நான் ஒன்னு கேக்குறேன், பதில் சொல்லுங்க," என்றேன். "அன்னைக்கு அவனுங்க பெட்டியக் கொட்டுனப்ப அந்த மாத்திர உள்ள இருந்திருந்தா, நான் இன்னைக்கு உங்க முன்னாடி உக்காந்திருப்பனா?"

அவர் பேனாவை மூடினார், திறந்தார். "அது எனக்குத் தெரியாது ஐயா," என்றார். படத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்து, "குளிசை இருந்திருந்தால் அவவின்ர கை திறந்திருக்கும்," என்றார்.

இருந்திருந்தால். அதைத்தான் நானும் சொல்கிறேன். கை திறந்திருக்கலாம், பெட்டிக்குள்ளே மாத்திரையும் கிடைத்திருக்கலாம். அவர் ஒரு இருந்திருந்தாலைச் சொல்கிறார், நான் ஒரு இருந்திருந்தாலைச் சொல்கிறேன். இதில் எது பெரியது என்று எந்தப் படத்தைத் தூக்கிப் பிடித்து வெளிச்சத்தில் பார்ப்பது? கண்ணுக்குத் தெரியாத புளிப்பு, கண்ணுக்குத் தெரியாத பை என்று அவர் சொன்னதையெல்லாம் நான் கேட்டுக்கொள்ள வேண்டுமாம். கண்ணால் பார்த்த துப்பாக்கியை நான் சொன்னால் அவருக்குத் தெரியாதாம்.

ராக்காயி எழுந்து மருந்து வரிசைக்குப் போனாள். நான் எடுத்துத் தருகிறேன் என்றேன். வேண்டாங்க, என் மாத்திரைய நானே வாங்கி நானே கொண்டாறேன் என்றாள். எங்கே வைத்துக் கொண்டுவருவாய் என்று கேட்டேன். அவள் திரும்பாமல் வரிசையில் முன்னால் நகர்ந்தாள்.

நான் வெளியே வந்தேன். அவளுக்காகப் படியில் காத்திருக்கவில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு இறங்குகிற ரோட்டில் நடந்தேன். பின்னால் என் பேரைச் சொல்லாமல், ஏங்க, ஏங்க என்று அவள் கூப்பிடுவது கேட்டது. மாத்திரை கையில் இருக்கிற ஆளோடு ஒரே பஸ்ஸில் போக எனக்கு இஷ்டமில்லை. அடுத்த பஸ்ஸில் போகலாம் என்று நடந்துகொண்டே இருந்தேன்.